டாட்டிங்: ஒரே முடிச்சில் ஒரு லேஸ்

குரோஷாவுக்கு ஊசி வேண்டும். எம்பிராய்டரிக்கு வளையச் சட்டம் வேண்டும். தலையணை லேஸுக்கு மெத்தை, குண்டூசி, டஜன் கணக்கில் மரக்கட்டைகள் எல்லாம் வேண்டும். டாட்டிங்குக்கு உள்ளங்கையில் அடங்கும் ஒரு ஷட்டிலும் நூலும் போதும். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் போடலாம். ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பர் கூப்பிடும்வரை போடலாம். பாதியில் நிறுத்திப் பைக்குள் போட்டாலும் ஒன்றும் அவிழாது. ஊசி நழுவி ஒரே இழுப்பில் அரை நாள் வேலையைத் தொலைத்த குரோஷாக்காரர்களுக்கு இதன் அருமை தெரியும். டாட்டிங்கில் போட்ட முடிச்சு போட்டதுதான். அதன் நல்ல குணமும் அதுதான், கெட்ட குணமும் அதுதான்.

இந்த வேலையில் கற்க வேண்டிய முடிச்சு ஒன்றே ஒன்று. அது கைவந்துவிட்டால் மீதியெல்லாம் எண்ணிக்கை. அது கைவராமல் வளையம், பூ, ஓரம் என்று தாவுகிறவர்கள்தான் ஒரு வாரத்தில் ஷட்டிலை அலமாரியில் போட்டுவிட்டு “எனக்கு இது வராது” என்கிறார்கள். ஆகவே இந்த அத்தியாயத்தில் அந்த ஒரு முடிச்சுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். அவசரப்பட்டு அடுத்த பகுதிக்குப் போகாதீர்கள்.

எந்த லேஸ் இது?

லேஸ் என்றதும் தென்கோடியில் நாகர்கோவில் பெயர்தான் முதலில் வரும். லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த லேஸ் அது. அவருடைய மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனார். லேஸும் கூடவே போனது. ஆனால் அது தலையணை லேஸ். கெட்டியான மெத்தையில் படம் வரைந்த காகிதத்தைக் குத்தி, கட்டைகளில் சுற்றிய நூல்களை ஒன்றன்மேல் ஒன்று மாற்றிப் பின்னுவது. ஆந்திராவின் நரசாபூர் லேஸ் குரோஷாவில் போடுவது. டாட்டிங் இரண்டிலும் சேராது. இதில் பின்னலே கிடையாது, முழுக்க முடிச்சு. தையல்காரர் சேலைக்கு ஃபால்ஸோடு சேர்த்து அடித்துத் தரும் பிக்கோவுக்கும் கீழே வரப்போகும் பிக்கோவுக்கும் சம்பந்தமில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இதன் பிறப்பிடம் ஐரோப்பா. 18ஆம் நூற்றாண்டில் அங்கே மேட்டுக்குடிப் பெண்கள் பெரிய ஷட்டில்களால் நூலில் வரிசையாக முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சு நூலைத் துணிமேல் வைத்துத் தைத்தார்கள். பிரெஞ்சு மன்னர் 15ஆம் லூயியின் மகள் அதெலாயித் இப்படி முடிச்சுப் போடுவதை நாத்தியே என்ற ஓவியர் 1756இல் வரைந்திருக்கிறார். அந்த முடிச்சு வரிசை வளையமாகச் சுருண்டு, துணியின் துணையில்லாமல் தானே ஒரு லேஸாக நின்றது அடுத்த நூற்றாண்டில்தான். ஆரம்பத்தில் வளையங்களைத் தனித்தனியாகப் போட்டு, பிறகு ஊசிநூலால் தைத்துச் சேர்த்தார்கள். போடும்போதே ஒரு வளையத்தை இன்னொன்றோடு இணைக்கும் வழியை 1850களில் பரப்பியவர்களில் முக்கியமானவர் எலியனோர் ரியேகோ த லா பிராஞ்சார்தியேர். லண்டனில் கைவேலைப் புத்தகங்களாக எழுதிக் குவித்தவர். பஞ்சத்தில் நொந்துபோன அயர்லாந்தில், ஆர்டி என்ற ஊரில் இது பெண்களுக்கு வீட்டுத் தொழிலாகவும் இருந்தது. அரண்மனையிலும் இதற்கு ஆள் இருந்தது: 1910இல் கேத்தரின் ஹோர் எழுதிய டாட்டிங் நூலுக்கு முன்னுரை எழுதியவர் ருமேனிய ராணி எலிசபெத். அவரே தேர்ந்த டாட்டிங்காரர்.

ஷட்டிலும் நூலும்

ஷட்டில் என்பது படகு வடிவில் இரண்டு இதழ்கள், நடுவில் நூல் சுற்ற ஒரு தண்டு. நீளம் சுமார் 7 சென்டிமீட்டர். தண்டுக்குப் பதிலாகக் கழற்றி மாட்டும் பாபின் உள்ள ரகமும் இருக்கிறது. இப்போது பிளாஸ்டிக் ஷட்டில்தான் அதிகம்; ஜப்பானிய க்ளோவர் கம்பெனியின் ஷட்டிலில் ஒரு முனை கூராக நீண்டிருக்கும், நூலை எடுக்க உதவும். வாங்கும்போது இரண்டு இதழ்களின் முனைகளும் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று பாருங்கள். நல்ல ஷட்டிலில் நூலை இழுத்துவிடும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டிக்’ என்று சத்தம் வரும். நூலைப் பிடித்துத் தொங்கவிட்டால் ஷட்டில் அப்படியே நிற்க வேண்டும். தானாகக் கீழே இறங்கினால் முனை தளர்ந்திருக்கிறது.

கிடைக்காவிட்டால் காத்திருக்க வேண்டாம். காலாவதியான ஏடிஎம் கார்டை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, இரு முனைகளிலும் ‘வி’ வடிவில் ஒரு வெட்டுக் கொடுத்து, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்தால் கற்பதற்குப் போதுமான ஷட்டில் தயார்.

நூலில்தான் பலர் முதல் தப்பைச் செய்கிறார்கள். வீட்டில் இருக்கிறதே என்று தையல் மெஷின் நூலை எடுத்தால் கண்ணும் போகும், பொறுமையும் போகும். எம்பிராய்டரிக்குப் பயன்படும் ஆறு இழை நூலும் ஆகாது. இழை பிரிந்து ஷட்டிலின் முனையில் சிக்கும். தேவை, நன்றாக முறுக்கேறிய, வழவழப்பான மெர்சரைஸ்டு பருத்தி நூல். குரோஷா நூல் என்று கேட்டால் ஃபேன்சி ஸ்டோரில் ஆங்கர் கண்டு எடுத்துத் தருவார்கள். நம்பர் கூடக்கூட நூல் மெலியும்: 10 தடிமன், 20 நடுத்தரம், 40 மெலிது, 80 சிலந்தி நூல். கற்றுக்கொள்ள 10 அல்லது 20 போதும். குரோஷா நூல் கிடைக்காத ஊரில் பேர்ல் காட்டன் 8 உதவும். இரண்டு நிறங்களில், ஒன்று வெளிர், ஒன்று அடர் நிறமாக வாங்குங்கள். காரணம் அடுத்த பகுதியில்.

ஷட்டிலில் நூலை இதழ்களின் விளிம்பைத் தாண்டாமல் சுற்ற வேண்டும். நிறையச் சுற்றினால் அடிக்கடி நிரப்ப வேண்டாமே என்று தோன்றும். ஆனால் வெளியே பிதுங்கிய நூல் விரலில் உரசி அழுக்காகும், ஷட்டிலும் நூலுக்கடியில் வழுக்கிப் போகாது. இவற்றோடு ஒரு மிக மெல்லிய குரோஷா ஊசி, சின்னக் கத்தரிக்கோல், காது சிறுத்த தையல் ஊசி. அவ்வளவுதான்.

கை சுத்தம் முக்கியம். தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு வெள்ளை நூலைத் தொட்டால் லேஸ் மஞ்சளாகத்தான் வரும். வியர்க்கும் கை என்றால் பக்கத்தில் ஒரு துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முடிச்சு இடம் மாற வேண்டும்

பெரும்பாலான புத்தகங்கள் வளையத்தில் ஆரம்பிக்கும். நான் இரண்டு நிற நூலில் ஆரம்பிக்கச் சொல்வேன். ஷட்டிலில் அடர் நிறம். கண்டில் வெளிர் நிறம். இரண்டின் நுனிகளையும் சேர்த்து ஒரு சாதாரண முடிச்சுப் போடுங்கள்.

அந்த முடிச்சை இடது கையின் கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடியுங்கள். வெளிர் நூலை மற்ற மூன்று விரல்களின் முதுகுப்பக்கமாகக் கொண்டுபோய், சுண்டு விரலில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள். இப்போது ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே வெளிர் நூல் ஒரு கம்பிபோல் விறைப்பாக நிற்கும். வேலையெல்லாம் இந்த இடைவெளியில்தான். ஷட்டிலை வலது கையில் கிடைமட்டமாக, ஆட்காட்டி விரல் மேலே, கட்டை விரல் கீழே என்று பிடியுங்கள். அடர் நூல் வலது கை விரல்களின் முதுகின்மேல் வளைந்து கிடக்கட்டும்.

முதல் பாதி: ஷட்டிலை வெளிர் நூலுக்கு அடியில் நுழைத்து, பிறகு அதன் மேலாக வலப்பக்கம் திருப்பிக் கொண்டுவாருங்கள். ஷட்டிலைக் கைவிட வேண்டாம். உள்ளே போகும்போது வெளிர் நூல் ஷட்டிலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே நழுவும். திரும்பும்போது ஷட்டிலுக்கும் கட்டை விரலுக்கும் நடுவே நழுவும். விரல் லேசாக இடம் கொடுத்தால் போதும்.

இந்த நொடியில் நூலைப் பாருங்கள். அடர் நூல் வெளிர் நூலைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இப்படியே இழுத்து இறுக்கினால் தப்பு. இடது நடுவிரலைத் தாழ்த்தி வெளிர் நூலைத் தொய்யவிடுங்கள். அதே நேரத்தில் அடர் நூலை வலப்பக்கம் நேராக விறைப்பாக இழுங்கள். ஒரு சின்னத் துள்ளல் தெரியும்: சுற்று அடர் நூலைவிட்டு வெளிர் நூலுக்குத் தாவிவிடும். இனி வெளிர் நூல்தான் அடர் நூலைச் சுற்றிக்கொண்டிருக்கும். அடர் நூலின் விறைப்பை விடாமல் நடுவிரலை மெல்ல உயர்த்துங்கள். அந்தச் சுற்று அடர் நூலின்மேல் வழுக்கிக்கொண்டு உங்கள் பிடிக்குள் வந்து உட்காரும்.

பூ கட்டத் தெரிந்தவர்களுக்கு இதைச் சட்டென்று சொல்லிவிடலாம். பூ கட்டும்போது காம்பு நிமிர்ந்து நிற்கும். நாம் இழுக்கிற நூல்தான் அதைச் சுற்றி முடிச்சாகும். டாட்டிங்கில் இது தலைகீழ். நாம் இழுக்கிற நூல் காம்பாகி நேராக நிற்கும். சும்மா இருந்த நூல் முடிச்சாகும்.

இரண்டாம் பாதி அதன் மறுபக்கம். இம்முறை அடர் நூல் விரல்மேல் கிடக்க வேண்டாம், கீழே தொங்கட்டும். ஷட்டிலை வெளிர் நூலின் மேலாகக் கொண்டுபோய், அடியில் திரும்பக் கொண்டுவாருங்கள். மறுபடியும் நடுவிரலைத் தாழ்த்துவது, அடர் நூலை இழுப்பது, துள்ளல், நடுவிரலை உயர்த்துவது. முதல் பாதியை ஒட்டி இரண்டாம் பாதி வந்து உட்கார்ந்ததும் ஒரு முழு முடிச்சு. இதைத்தான் எல்லா டாட்டிங் குறிப்புகளும் ஒன்று என்று எண்ணுகின்றன.

சோதனை இரண்டு. முதலாவது, நிறம். முடிச்சு வெளிர் நிறத்தில் தெரிந்தால் சரி; அடர் நிறம் வெளியே எட்டிப்பார்த்தால் அங்கே தாவல் நடக்கவில்லை. இரண்டாவது, வழுக்கல். முடிச்சுகளைப் பிடித்துக்கொண்டு அடர் நூலை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள்; தடையில்லாமல் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் எங்கோ ஒன்று பூட்டிக்கொண்டது. இரண்டு நிறங்களை வாங்கச் சொன்னது இதற்காகத்தான். ஒரே நிற நூலில் கற்றால் எந்த முடிச்சு பூட்டியது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

நடுவிரலின் வேலை எவ்வளவு பெரியது என்பது இந்த இடத்தில்தான் பலருக்குப் பிடிபடும். வலது கைதான் வேலை செய்கிறது என்று நினைத்து ஷட்டிலை இப்படியும் அப்படியும் ஆட்டுவார்கள். வலது கையின் வேலை நுழைப்பதும் இழுத்துப் பிடிப்பதும் மட்டுமே. முடிச்சைப் போடுவது இடது நடுவிரல். அது தாழ்ந்து உயர்வது சீராக இருந்தால் முடிச்சும் சீராக வரும். இடது கைப் பழக்கமுள்ளவர்கள் இடம் வலம் மாற்றிப் படித்துக்கொள்ளலாம். லேஸில் வித்தியாசம் தெரியாது.

ஒரு விரல் நீளத்துக்கு முடிச்சுகள் ஒரே அளவில், சந்தேகமில்லாமல் வழுக்கிக்கொண்டு வரும்வரை இதையே போடுங்கள். டீவி பார்த்துக்கொண்டே போட வருகிறதா? அப்போது அடுத்ததுக்குப் போகலாம்.

நீண்ட ஊசி ஒன்றின்மேல் இந்த முடிச்சுகளை ஏற்றிக்கொண்டு, கடைசியில் நூலை உள்ளே இழுத்துவிடும் ஊசி டாட்டிங் என்றும் ஒரு முறை இருக்கிறது. அதில் தாவல் தொல்லை கிடையாது. ஒரே மாலையில் கற்றுக்கொள்ளலாம். மூட்டுவலி உள்ளவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். மற்றவர்கள் ஷட்டிலிலேயே தொடங்குவது நல்லது. ஊசியின் தடிமன் உள்ளே இருந்துவிட்டுப் போவதால் அந்த லேஸ் கொஞ்சம் தொளதொளவென்றுதான் வரும்.

வளையமும் பிக்கோவும்

வளையத்துக்கு ஷட்டில் நூல் மட்டும் போதும். நுனியிலிருந்து ஒரு சாண் விட்டு, இடது கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடியுங்கள். நூலை மற்ற விரல்களின் முதுகுப்பக்கமாக முழுச் சுற்றாகக் கொண்டுவந்து, அதே பிடிக்குள் சேர்த்துவிடுங்கள். கையைச் சுற்றி ஒரு வளையம். முடிச்சு போடும் விதத்தில் மாற்றம் இல்லை. கையைச் சுற்றிய நூல் முடிச்சாகும், ஷட்டிலுக்குப் போகும் நூல் உள்ளே காம்பாக நிற்கும்.

போடப்போட வளையம் சுருங்கி விரல்களை நெருக்கும். அப்போது முடிச்சுகளைப் பிடித்துக்கொண்டு, முதல் முடிச்சிலிருந்து சுண்டு விரல் பக்கமாகப் போகும் நூலைக் கீழே இழுங்கள்; ஷட்டிலிலிருந்து நூல் உள்ளே ஓடி வளையம் பெரிதாகும். வேண்டிய முடிச்சுகள் வந்ததும் வளையத்தை விரல்களிலிருந்து கழற்றி, முடிச்சுகளை அழுத்திப் பிடித்து, ஷட்டில் நூலை இழுத்தால் முதல் முடிச்சும் கடைசி முடிச்சும் சந்திக்கும். வளையம் மூடியது.

மூடுவதற்கு முன் எண்ணுங்கள். பிக்கோ வேண்டிய இடத்தில் இருக்கிறதா, பக்கத்து வளையத்தோடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மூடிய வளையத்தைத் திறப்பது மூடியதைவிடப் பத்து மடங்கு வேலை.

பிக்கோ என்பது வளையத்தின் வெளிப்பக்கம் நிற்கும் சின்னக் கண்ணி. ஒரு முழு முடிச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டுப் போட்டு, பிறகு நெருக்கித் தள்ளினால் அந்த வெற்று நூல் கண்ணியாக எழும்பும். கண்ணியின் உயரம் இடைவெளியில் பாதி. 1 சென்டிமீட்டர் விட்டால் அரை சென்டிமீட்டர் பிக்கோ. பிக்கோக்கள் ஒன்று நெட்டையாக, ஒன்று குட்டையாக இருப்பதுதான் புதியவர் கைவேலையைக் காட்டிக்கொடுக்கும். கெட்டி அட்டையில் வேண்டிய அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, இடைவெளியில் வைத்து அளந்து போட்டால் இந்தக் குறை முதல் நாளே தீரும்.

பிக்கோ வெறும் அழகுக்கில்லை. லேஸைப் பிடித்துவைத்திருப்பதே அதுதான். புதிய வளையத்தை இணைக்க, பழைய வளையத்தின் கடைசிப் பிக்கோவை உங்கள் கையைச் சுற்றிய நூலின்மேல் வையுங்கள். குரோஷா ஊசியைப் பிக்கோவுக்குள் விட்டு அந்தக் கை நூலை ஒரு கண்ணியாக மேலே இழுங்கள். அந்தக் கண்ணிக்குள் ஷட்டிலை நுழைத்து எடுங்கள். ஷட்டில் நூலை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு நடுவிரலைத் தூக்கினால் கண்ணி சுருங்கிப் பிக்கோவோடு சேரும். ஷட்டில் நூல் இன்னும் வழுக்குகிறதா என்று இங்கேயும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். கண்ணிக்குள் ஷட்டில் நூலும் இழுபட்டுவிட்டால் வளையம் மூடாது. இந்த இணைப்பை முடிச்சுக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

செயின்

வளையங்கள் மட்டும் கொண்ட லேஸில் வளையத்துக்கு வளையம் வெற்று நூல் தெரியும். அந்த இடத்தில் முடிச்சுகளாலான வில் ஒன்றை வளைப்பதற்குத்தான் இரண்டாம் நூல். இதைச் செயின் என்பார்கள். குரோஷா செயினை நினைத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் இரண்டு நிற நூலில் பழகியதே செயின்தான். ஷட்டிலுக்குச் சுற்றிய நூலைக் கண்டிலிருந்து வெட்டாமல் விட்டால் தொடக்க முடிச்சுக்கூட வேண்டாம். வளையம் மூடியதும் அது தலைகீழாகத் தொங்கும்படி வேலையைத் திருப்புங்கள், கண்டு நூலை இடது கையில் சுற்றிக்கொள்ளுங்கள், முடிச்சுப் போடுங்கள். முடிந்ததும் மூடுவது என்று ஒன்றும் இல்லை. ஷட்டில் நூலை வேண்டிய அளவு இழுத்தால் வில் வளையும். நிறைய இழுத்தால் சுருங்கிக்கொள்ளும்.

குறிப்பு படிப்பது, முதல் ஓரம்

எண் என்றால் அத்தனை முழு முடிச்சு. சின்னக் கோடு என்றால் பிக்கோ. கூட்டல் குறி என்றால் இணைப்பு. இவ்வளவு தெரிந்தால் எந்த நாட்டுக் குறிப்பையும் ஏறக்குறையப் படித்துவிடலாம். பழைய புத்தகங்களில் இதையே நீட்டி வாக்கியமாக எழுதியிருப்பார்கள்.

கைக்குட்டைக்கு முதல் ஓரம் இது. வளையம்: 5 - 5 - 5 - 5, மூடு. அரை சென்டிமீட்டர் வெற்று நூல் விடு. அடுத்த வளையம்: 5 + 5 - 5 - 5, மூடு. கூட்டல் குறி இருக்கும் இடத்தில் முந்தைய வளையத்தின் கடைசிப் பிக்கோவோடு இணைக்க வேண்டும். மறுபடி அரை சென்டிமீட்டர். இப்படியே போய்க்கொண்டிருக்கலாம்.

அது பழகியதும் வெற்று நூலுக்குப் பதில் செயின். வளையம்: 5 - 5 - 5 - 5, மூடு, திருப்பு. செயின்: 6 - 6, திருப்பு. வளையம்: 5 + 5 - 5 - 5, மூடு, திருப்பு. செயின்: 6 - 6, திருப்பு. வளையங்கள் ஒரு பக்கம் தோளோடு தோள் நிற்க, விற்கள் மறுபக்கம் வரிசையாக வரும். ரவிக்கைக் கை ஓரத்துக்கும் துப்பட்டாவுக்கும் இதுவே போதும். இந்த இரண்டு ஓரங்களையும் கூச்சமில்லாமல் போட வந்துவிட்டால் புக்மார்க், கம்மல், தட்டு விரிப்பு எதையும் குறிப்பைப் பார்த்துப் போடலாம்.

துணியை முதலில் துவைத்துச் சுருங்கவைத்துவிட்டு, பிறகு ஓரத்தை அளந்து போடுங்கள். புதுக் கைக்குட்டையில் நேராகத் தைத்தால் முதல் துவைப்பிலேயே துணி சுருங்கி லேஸ் அலை அலையாக நிற்கும்.

அடுத்த படிக்கு ஆங்கிலம் தடையாகத் தெரிகிறவர்கள் மேரி கோனியரின் ‘டாட்டிங் வித் விஷுவல் பேட்டர்ன்ஸ்’ நூலைத் தேடலாம். அதில் படத்திலேயே எண்கள் குறிக்கப்பட்டிருக்கும். தெரேஸ் த டில்மோன் 1886இல் வெளியிட்ட கைவேலைக் கலைக்களஞ்சியத்தில் டாட்டிங்குக்கு ஒரு அத்தியாயம் இருக்கிறது; இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

தப்பும் நுனியும்

பிரிக்க வேண்டியிருந்தால் கடைசி முடிச்சின் தலையை ஊசி முனையால் தளர்த்தி, ஷட்டிலை வந்த வழியே திருப்பி எடுக்க வேண்டும். இரண்டு மூன்று முடிச்சு என்றால் பொறுமையாகச் செய்யலாம். மூடிய வளையமென்றால் ஒரு பிக்கோ இருக்கும் இடத்தில் இருபக்க முடிச்சுகளையும் விலக்கி, உள்ளே ஓடும் நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்துத் திறக்கப் பார்க்கலாம். மெல்லிய நூலில் அது பெரும்பாலும் நடக்காது. வெட்டிவிட்டு வேறு வளையம் போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அனுபவசாலிகளும் அதைத்தான் செய்கிறார்கள்.

ஷட்டிலில் நூல் தீர்வதை முன்கூட்டியே பாருங்கள். வளையத்தின் நடுவில் புது நூலை முடிந்தால் அந்த முடிச்சு வழுக்காது, வளையமும் மூடாது. புது நூல் எப்போதும் வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடையில்தான். நுனியைக் குட்டையாக வெட்டாமல் ஒரு சாண் விட்டு, தையல் ஊசியில் கோத்து, முடிச்சுகளின் முதுகு வழியே சில தையல் ஓட்டி மறைத்துவிட்டு வெட்டுங்கள். நெயில் பாலிஷ், ஃபெவிகால் என்று வைத்துச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டே துவைப்பில் அது பழுப்பாகி உறுத்தும்.

கஞ்சி, அலமாரி, விலை

வெதுவெதுப்பான நீரில் சோப்புக் கலந்து ஊறவைத்து, பிசையாமல் அலசி, துண்டில் வைத்து ஒற்றுங்கள். தெர்மகோல் பலகையில் வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொரு பிக்கோவையும் துருப்பிடிக்காத குண்டூசியால் இழுத்துக் குத்திக் காயவிட்டால் சுருண்டு கிடந்த லேஸ் தட்டையாக நிமிரும். தட்டு விரிப்பு, கம்மல் போன்றவை விறைப்பாக நிற்க நீர்க்கக் கரைத்த கஞ்சியில் முக்கி எடுத்துக் குத்தலாம். கைக்குட்டைக்கும் ரவிக்கைக்கும் கஞ்சி வேண்டாம், உறுத்தும். பல மாதம் அலமாரியில் வைக்கப்போகிறீர்கள் என்றால் கஞ்சியை அலசி எடுத்துவிட்டு வையுங்கள். ராமபாணப் பூச்சிக்குக் கஞ்சி விருந்து.

விற்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இதை நம்பிக் குடும்பம் நடத்த முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கம்மல், புக்மார்க் போன்ற சின்னப் பொருள்கள்தான் கண்காட்சிகளில் கைமாறும். மேஜை விரிப்பு போட்டு அதற்கேற்ற கூலி வாங்கியவர்கள் மிகக் குறைவு. விலை கேட்கிறவரிடம் நூல் விலையைச் சொல்லத் தொடங்காதீர்கள், அது சில ரூபாய்தான். எத்தனை மணி நேரம் உட்கார்ந்தீர்கள் என்பதைச் சொல்லி, அதற்கு விலை வையுங்கள். அதைக் கொடுக்க மனமில்லாதவருக்கு மெஷின் லேஸ் மீட்டர் கணக்கில் கடையில் கிடைக்கிறது.